குடும்பப் பெயர் என்னும் கட்டம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது என் வேலை இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்து, பிறகு ஐடிஐயில் ஃபிட்டர் முடித்தவன். இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோட்டார் பார்க்கிறேன். மோட்டார் அறையில் ஒரு நோட்டு உண்டு. அதில் குறிப்பு என்று ஒரு பத்தி இருக்கும். அங்கே 'வால்வு கசிவு', 'தொட்டி பாதி' என்று எழுதுவதுதான் இத்தனை நாள் என் எழுத்து. நான்கு பேர் நிற்கிற இடத்தில் பேசவே கூச்சப்படுகிற ஒருவன் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டேன், அதனால் என்ன ஆயிற்று என்று எழுதியாவது வைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. பெயர்களால் பட்டது போதும்.

நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி, ஒரே மகள். மண்ணூர்பேட்டையில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினாறு வருடம் வேலை செய்தேன். பிறகு அந்தக் கம்பெனி வேறு இடத்துக்குப் போயிற்று. எங்களில் பாதிப் பேரை அது கூட்டிக்கொண்டு போகவில்லை. மனைவி சென்னீர்குப்பத்தில் வீட்டிலேயே சமைத்து, ஐடி வேலைக்காக வந்து பிளாட்டுகளில் தங்கியிருந்தவர்களுக்குச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் டிவிஎஸ்ஸில் கேரியர் மாட்டிக்கொண்டு போய்க் கொடுப்பேன்.

அப்படிச் சாப்பாடு போன ஒரு பிளாட்டில் ஒரு அம்மாள் வந்து இரண்டு வாரம் தங்கியிருந்தார். ஆப்பிரிக்காவின் தென்கோடியிலிருந்து கோயில் பார்க்க வந்தவர். அறுபத்தைந்து வயது இருக்கும். அவருடைய கொள்ளுத் தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவராம். பார்த்தால் நம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரியே இருப்பார். ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். தண்ணி, ரசம், ஐயோ, சும்மா என்று பத்துத் தமிழ்ச் சொல் தெரியும். அவருக்கு அங்கே மலைப்பக்கத்தில் ஒரு பண்ணை இருந்தது. மாடு, குதிரை, நடுவில் எட்டு வட்டக் குடில்கள். வெள்ளி சாயந்தரம் நகரத்துக்காரர்கள் காரில் வந்து தங்கி, ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அங்கே வந்து சமைக்க முடியுமா என்று என் மனைவியிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கேரியரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"குடும்பத்தோட வரலாமான்னு கேளு" என்றாள் என்னிடம்.

நான் கேட்கவில்லை. அவளே கையால் மூன்று விரலைக் காட்டிக் கேட்டாள். அந்த அம்மாள் சிரித்து, மூன்று பேரும் என்று அவரும் மூன்று விரலைக் காட்டினார். அன்றிலிருந்து நாங்கள் அவரை ஆன்ட்டி என்றே கூப்பிட்டோம்.

பாஸ்போர்ட் எடுக்கப் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். எனக்கும் மனைவிக்கும் ஒரே நாளில் முடிந்தது. என் பெயர், என் அப்பா பெயர். அவள் பெயர், அவள் அப்பா பெயர். மகளின் பிறப்புச் சான்றிதழை வீட்டில் எங்கேயோ வைத்துவிட்டோம். தேடி எடுத்துக்கொண்டு அடுத்த நாள் நான் மட்டும் போனேன். அதில் அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் சரியாக இருந்தது. குழந்தையின் பெயர் என்ற இடம் மட்டும் காலி. பிறந்த வாரத்திலேயே யார் பெயர் வைக்கிறார்கள்? அப்புறம் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டது, அப்படியே பத்து வருடம் போய்விட்டது.

அன்றைக்கு வேறொரு பெண்மணி கம்ப்யூட்டரில் இருந்தார். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர்.

"அண்ணா, பொண்ணு பேரு போட்டாச்சு. பேமிலி நேம் கேக்குது. இன்னா போடட்டும்?"

"பேமிலி நேம்னா?"

"ஊட்டுப் பேருண்ணா."

"ஊட்ல பாப்பான்னுதாம்மா கூப்புடுவோம்."

அவர் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அத்தயே போட்ரட்டுமா?"

"போடுமா" என்றேன்.

அச்சடித்துக் கையெழுத்துக்குக் கொடுத்தார். அந்தக் கட்டத்தில் பெரிய எழுத்தில் பாப்பா என்று இருந்தது. நேற்று எங்கள் இரண்டு பேருக்கும் இப்படி இல்லையே என்று தோன்றியது. கேட்டிருக்கலாம். பின்னால் நின்றவர் "கொஞ்சம் சீக்கிரம் பாருங்க அண்ணாத்தே, பஸ் போயிடும்" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். இவ்வளவுதான் நடந்தது. அரை நிமிடம் இருக்கும்.

பாஸ்போர்ட் வந்ததும் மனைவி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாய்யா இது, பாப்பாவ பாப்பாவுக்கே இனிஷியலா வெச்சுக்கினு வந்துகீற?" மகளும் சிரித்தாள். எங்களுக்கு அது அப்போது ஒரு வேடிக்கை. நம்மூரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், ரேஷன் கார்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. அதற்காக யாரும் யாரையும் பிரித்து வைத்ததில்லை.

பண்ணையைப் பற்றி எழுத எனக்கு அவ்வளவாக வரவில்லை. மரம் குறைவு. புல்தான் மலை மேல் மலையாகப் போகும். ஜூலையில் காலையில் புல் வெள்ளையாக உறைந்திருக்கும். குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும். சமையல்கட்டுக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறை. மனைவிக்குச் சமையல். எனக்கு ஆழ்குழாய் மோட்டார், ஜெனரேட்டர், குடில்களில் வெந்நீர். மின்சாரம் அடிக்கடி போகும் ஊர், எனவே என் வேலைக்குக் குறைவில்லை. மகளைப் பத்து வயதில் கூட்டிப்போனோம். வாரநாளில் பள்ளிக்கூட வேன் வரும். சனி, ஞாயிறு அவளும் எங்களோடு வேலை செய்வாள். மேசை போடுவாள், விருந்தாளிகளை அருவிக்கு நடத்திக்கொண்டு போய்க் காட்டுவாள்.

சுகமாக இருந்தோம் என்று சொல்ல மாட்டேன். குளிரில் மனைவியின் கைவிரல்கள் வெடித்து ரத்தம் வரும். விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு மாவரைப்பாள். வாரநாளில் பண்ணையில் ஆள் நடமாட்டமே இருக்காது. சில நாட்களில் மோட்டாரோடு மட்டும்தான் பேசினேன். விருந்தாளிகள் தோசையைக் கத்தியால் வெட்டித் தின்றுவிட்டு, உங்கள் ஊர் எது என்று கேட்பார்கள். நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். மகள் வந்து பதில் சொல்வாள். அந்த ஊர்ப் பேச்சும் ஒரே வருடத்தில் பிடித்துக்கொண்டாள். இங்கே வகுப்பில் எழுந்து நிற்கப் பயந்த பெண், அங்கே ஒரு செம்மண் நிறக் குதிரையின் மேல் உட்கார்ந்து முன்னால் போவாள், பின்னால் ஆறு வெள்ளைக்காரர்கள் வருவார்கள்.

மனைவி ஒன்று சொல்வாள். "எது எப்பிடியோ, மூணு பேரும் ஒரே எடத்துல கீறோம்." அவளுடைய அப்பா அவளுக்கு நாலு வயதில் வளைகுடாவுக்குப் போய், அவள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் திரும்பி வந்தவர். அவளுக்கு அது ஒன்றுதான் கணக்கு.

ஆன்ட்டி சில நேரம் எங்களைக் கேலி செய்வார். அவர்களுக்கு ஐந்து தலைமுறையாக ஒரே குடும்பப் பெயர். கொள்ளுத் தாத்தா கப்பலில் ஏறும்போது சொன்ன பெயரை அங்கே எழுதிக்கொண்டார்களாம், அதுவே எல்லோருக்கும் பின்னால் வருகிறது. "என் வீட்டில் முப்பது பேர், ஒரு பெயர். உங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று பெயர்" என்பார். நாங்களும் சிரிப்போம்.

நான்கு வருடம் முடிகிற சமயம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மனைவியின் பெயரில்தான் வேலை அனுமதி; நானும் மகளும் அவளைச் சார்ந்தவர்கள். மூன்று விண்ணப்பம் போட்டோம். இரண்டு வந்தது. மகளுடையதற்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது, நேரில் வரச் சொல்லி.

ஆன்ட்டி காரோட்டிக்கொண்டு கூட்டிப்போனார். அன்று வெள்ளிக்கிழமை, சாயந்தரம் விருந்தாளிகள் வருவார்கள் என்பதால் மனைவி வரவில்லை. அந்த அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கடுமையானவர் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகத்தான் பேசினார். மகள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இந்தக் காகிதம் இந்த இரண்டு பேருக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது என்று சொல்கிறது. அந்தக் குழந்தை இந்தப் பெண்தான் என்று எங்கே சொல்கிறது?"

காலியான கட்டத்தை விரலால் காட்டினார்.

"பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் பாப்பா. பாப்பா என்பது யார்?"

"அது குழந்தை என்று அர்த்தம்" என்றார் ஆன்ட்டி.

"எங்களுக்கு அது அப்பா" என்றார் அந்தப் பெண். "குழந்தையின் குடும்பப் பெயர் அப்பா. ஆனால் அப்பாவின் குடும்பப் பெயர் வேறு. அம்மாவுக்கு இன்னொன்று. நீங்கள் மூன்று பேரும் எங்கே சந்தித்துக்கொண்டீர்கள்?"

பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர் சிரித்துவிட்டார். மகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அந்தப் பெண் மகளிடம், இவரை நீ என்னவென்று கூப்பிடுவாய் என்று கேட்டார். மகள் யோசிக்காமல் "நைனா" என்றாள்.

அவர் அதை எழுதிக்கொண்டார். "இது நான்காவது பெயர்" என்றார்.

ஆன்ட்டி சத்தம் போட ஆரம்பித்தார். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. 'மை டாட்டர்' என்று இரண்டு சொல். அது எனக்குத் தெரியும். தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் தலையாட்டலையும் எழுதிக்கொண்டாரோ என்னவோ.

சொந்த நாட்டுக்குப் போய், பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்த்து, பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொண்டு அங்கிருந்தே மறுபடி விண்ணப்பிக்கலாம். அதற்குள் பதினெட்டு வயது ஆகிவிடக் கூடாது. பதினெட்டு ஆகிவிட்டால் யாரையும் சார்ந்து வர முடியாது. இதுதான் முடிவு. மகளுக்கு அப்போது பதினாலரை. நிறைய நேரம் இருப்பதாகத்தான் எல்லோருக்கும் தோன்றியது.

மனைவி வர முடியாது. அவள் வேலையை விட்டால் எங்கள் இரண்டு பேருடைய அனுமதியும் போய்விடும், திரும்ப வர வழியே இருக்காது. மறுநாள் சமையல்கட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவள் முடிவு செய்தாள்.

"நீ கூட்டிகினு போ. சரி பண்ணிகினு வா. இன்னா, ஒரு மூணு மாசம் ஆவுமா?"

"ஆவாது" என்றேன்.

"ஸ்கூல்ல கேட்டா லீவுன்னு சொல்லிக்கலாம்." கொஞ்ச நேரம் நறுக்கினாள். "அன்னிக்குப் பூந்தமல்லில அந்தப் பொம்பளகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல நீ."

அவள் என்னிடம் இதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். பிறகு சொன்னதே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மகளிடம் யாரும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் வந்துவிடலாம் என்று சொன்னோம். அவள் குதிரைக்குக் கேரட் போடும் வேலையைப் பண்ணையில் துணி துவைக்க வரும் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

சென்னீர்குப்பத்தில் மாடியில் ஓர் அறை கிடைத்தது. கதவைத் திறந்தால் நெடுஞ்சாலை. கன்டெய்னர் லாரிகள் போகும்போது சுவரில் மாட்டிய தட்டு அதிரும். மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தேன். அவளுக்குத் தமிழ் எழுத்து மறந்துபோயிருந்தது. இங்கிலீஷ் வேறு மாதிரி வந்தது. வகுப்பில் பிள்ளைகள் 'ஃபாரின் பாப்பா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"பாப்பான்னு எப்பிடித் தெரியும் அவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"பாஸ்போர்ட் ஜெராக்ஸ் குட்த்தல்ல நைனா" என்றாள். "அட்டெண்டன்ஸ்ல மிஸ்ஸே அப்பிடித்தான் படிக்கறாங்க."

மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. பெயர் சேர்க்கப் போன இடத்தில், குழந்தைக்குப் பதினைந்து ஆகப்போகிறது, அப்பா அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அம்மா வெளிநாட்டில் என்றால் அங்கே தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். தூதரகம் இருக்கும் ஊர் பண்ணையிலிருந்து காரில் அரை நாள். ஆன்ட்டி கூட்டிப்போனார். கடிதம் வந்தது. அதில் மனைவி தன் கையெழுத்தை எப்போதும் போடுகிற மாதிரி போட்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் முன்னெழுத்தைச் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுவாள். ரேஷன் கார்டிலும் அதுதான். ஆனால் பாஸ்போர்ட்டில் அவள் அப்பாவின் பெயர். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது வேறு பெண் என்று ஆகிவிட்டது.

"இன்னாய்யா, நானே நானு இல்லையா?" என்றாள் போனில். சிரிக்கத்தான் பார்த்தாள்.

மறுபடி போவதற்குள் ஆன்ட்டி குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். பண்ணையில் காரோட்ட ஆள் இல்லை. ஆன்ட்டியைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் என் மனைவி மேல் விழுந்தது. இரண்டாவது கடிதம் வர ஒன்றேகால் வருடம் ஆயிற்று.

நடுவில் மகள் வயதுக்கு வந்தாள். ஒரு புதன்கிழமை மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவுக்கு வெளியிலேயே நின்றாள். "நைனா, கீழ் ஊட்டு ஆன்ட்டியக் கூப்புடு" என்றாள். எனக்குப் புரிய நேரம் ஆயிற்று. கீழ் வீட்டு அம்மாதான் தண்ணீர் ஊற்றினார். மனைவி பார்க்க வேண்டும் என்று வீடியோவில் போட்டேன். பண்ணையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேடு உண்டு. அங்கே நின்றால்தான் சிக்னல். அவள் அங்கே நின்றுகொண்டு பார்த்தாள். மஞ்சள் தண்ணீரை ஊற்றும்போது படம் நின்றுவிட்டது. மனைவியின் முகம் வாய் பாதி திறந்தபடி, கண் மூடியபடி அப்படியே நின்றது. நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்றேன். கீழ் வீட்டு அம்மா "போதும், அத்த வெச்சுட்டு அப்பால போ நைனா, நீ இங்க நிக்கக் கூடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போன் வரும். அங்கே அப்போது ஒன்றரை மணி. விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். முதலில் அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். குதிரை, அருவி, யார் வந்தார்கள், யார் தோசையை ஸ்பூனில் தின்றார்கள். பிறகு அரை மணி. பிறகு சாப்டியா, படிச்சியா, நைனா கீறாரா. எப்போது குறைந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஞாயிறு மகள் ஐந்து மணிக்குக் குளிக்கப் போனாள். அடுத்த ஞாயிறும் அதே நேரத்தில் குளிக்கப் போனாள். "குளிச்சுகினு கீறா" என்று நான் சொன்னேன். மனைவி "சரி, குளிக்கட்டும்" என்றாள். எட்டு நிமிடம் பேசாமல் லைனில் இருந்தோம். அங்கே காற்றடிப்பது கேட்டது.

மேலும் ஒன்றரை வருட அலைச்சலுக்குப் பிறகு கடைசியில் எல்லாம் சரியாயிற்று. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியது. பள்ளிச் சான்றிதழிலும் திருத்தினார்கள். புது பாஸ்போர்ட் வந்தது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. என் வாழ்க்கையில் என் பெயரை அப்படி அச்சில் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். மகளுக்குப் பதினெட்டு ஆக ஐந்து வாரம் இருந்தது. விசாவுக்குக் கைரேகை வைக்கத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு நேரம் கொடுத்தார்கள். அதை விட்டால் அடுத்த தேதி அவள் பிறந்தநாளுக்கு அப்புறம்தான்.

முந்தின நாள் ஞாயிறு. நாலரை மணி இருக்கும். நான் காகிதங்களைக் கட்டில் மேல் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன். மகள் சன்னல் பக்கம் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, போட்டோ வெள்ளை பேக்ரவுண்டுதான வோணும்? ரெண்டா, நாலா?"

"நைனா, நான் வரல."

"எங்க?"

"நாளைக்கு வரல. அங்கயும் போவல."

நான் போட்டோவை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு இருந்தது.

"பன்னண்டாவது முடிச்சுட்டு ஆவடிகிட்ட நர்சிங் சேரலாம்னு கீறேன்" என்றாள். "மிஸ்கிட்ட பேசிட்டேன். என் ஃப்ரெண்டு ரெண்டு பேரும் அங்கதான் சேர்றாங்க."

"அம்மா?"

"அம்மாவ இங்க வரச் சொல்லு. நான் எத்தினி வாட்டி நைனா பொட்டி கட்றது? மொதல்ல இங்கேருந்து கூட்டிகினு போனீங்க. அழுதுகினே போனேன். அங்க எல்லாம் புடிச்சுப் போச்சு. அப்பறம் மூணு மாசம்னு சொல்லி இட்டாந்தீங்க. இங்க ஒரு வருஷம் ஒருத்தியும் என்கிட்ட பேசல. இப்பதான் ஏதோ மூஞ்ச நிமித்திகினு போறேன். மறுபடியும் மொதல்லேர்ந்தா? அங்க போயி இன்னா பண்ணப் போறேன்? கெஸ்ட்டு தட்டு எடுக்கணும்."

அவள் கோபமாகப் பேசவில்லை. ரொம்ப நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த மாதிரி ஒழுங்காகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுப் பின்னலுக்கு ரப்பர் பேண்ட் போட்டாள்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. மனைவியின் குரல் அவ்வளவு தெளிவாக அன்றுவரை கேட்டதில்லை. ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னாடி, எல்லாம் எட்த்து வெச்சியா? கேளு, உன் ரூமுக்கு வெள்ளை அடிச்சுட்டேன். நானே அடிச்சேன். கதவு மட்டும் நீலம். கட்டிலு எட்டாம் நம்பர் குடிலுல இருந்தது, ஆன்ட்டி எட்த்துக்கச் சொல்லிட்டா. நீ இன்னா ஒசரம் இப்போ? கால் வெளில நீட்டிகினு இருக்கப் போவுது."

"மா" என்றாள் மகள். "நான் வரல மா."

"வரலன்னா? டேட்டு மாத்திட்டாங்களா?"

"டேட்டு நாளைக்குத்தான். நான்தான் வரல. நீ இங்க வந்துடு மா."

படம் நின்ற மாதிரிக் குரலும் நின்றுவிட்டது என்று நினைத்தேன். இல்லை, காற்றடிப்பது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"ஆன்ட்டிக்கு ஒண்ணுக்குப் போவணும்னாகூட நான்தான் தூக்கணும்" என்றாள் மனைவி. அது பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்திருக்கும். "மூணரை வருஷம்டி. இன்னிக்கு வந்துடுவ, நாளைக்கு வந்துடுவன்னு... அப்போ நான் யாருக்காக இங்க கீறேன்?"

மகள் அழுதாள். சத்தமில்லாமல்தான் அழுதாள், ஆனால் மூக்கை உறிஞ்சியது போனில் கேட்டிருக்க வேண்டும்.

"யோவ்" என்றாள் மனைவி. "நீ அங்கதான கீற?"

"கீறேன்."

"நீ சொல்லு. வரணுமா, வோணாமா. நீ எதுனா ஒண்ணு சொல்லு. நீ இன்னா சொல்றியோ அது."

மகளும் என்னைப் பார்த்தாள். மகளைப் போ என்று சொன்னால் நான் அவளை மறுபடி தூக்கிக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் விடுகிறேன். மனைவியை வந்துவிடு என்று சொன்னால் அவள் அங்கே தனியாக நின்ற மூன்றரை வருடமும் வீண் என்று நானே சொன்னதாக ஆகிறது. அங்கேயே இரு என்று சொல்ல எனக்கு வாய் வராது. இப்போது எழுதும்போது இப்படிப் பிரித்து எழுத முடிகிறது. அப்போது தலைக்குள் ஒன்றும் இல்லை. கட்டில் மேல் இருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். லாரி ஒன்று போயிற்று.

"சரி" என்றாள் மனைவி. "நாலாம் நம்பர்ல கூப்புடறாங்க. கேஸ் தீந்துபோச்சு போல. வெக்கிறேன்."

வைத்துவிட்டாள். நான் திரும்பக் கூப்பிட்டேன். மணி அடிக்கவில்லை. அந்த மேட்டிலிருந்து இறங்கிவிட்டால் அவளுக்கு எடுக்க முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று தடவை கூப்பிட்டேன்.

மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கட்டில் மேல் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஃபைலில் வைத்தாள். அசல் ஒரு பக்கம், நகல் ஒரு பக்கம். எனக்கு அவள் அம்மா அடுக்குகிற மாதிரியே இருந்தது. "நைனா, எதுனா பேசு நைனா" என்றாள். "கொஞ்சம் திட்டவாவது செய்யி."

"சாப்புடலாமா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

மறுநாள் நாங்கள் கைரேகை வைக்கப் போகவில்லை. மகளுக்குக் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் இருந்தது. எட்டு மணி பஸ்ஸில் போய்விட்டாள். பதினொன்றேகாலுக்கு என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. விண்ணப்பதாரர் வராததால் பதிவு ரத்து செய்யப்பட்டது என்று இருந்தது.